நிலைப்படிக்கு இப்பால்

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவிலில் புதிதாகத் திறக்கப்பட்ட ஓவியக் கூடத்திற்குள் என்னால் நுழைய முடியவில்லை. இதுவே என் குறை. எவரும் என்னைத் தடுக்கவில்லை என்று அக்கூடத்தின் செயலாளர் சொல்வார். உண்மைதான், எவரும் தடுக்கவில்லை. ஒரு மரக்கட்டை தடுத்தது. அன்று காலையில் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டியதோடு மனிதர்களின் பங்கு முடிந்துவிட்டது.

என் பெயர் உச்சிமாகாளி. இவ்வூரில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இராஜபாளையம் சாலையில் ஒரு வேன் என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. அன்றுமுதல் இடுப்புக்குக் கீழே எனக்கு அதிகாரம் இல்லை; சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இடுப்புக்கு மேலே, குறிப்பாக நாவின் மீது, என் அதிகாரம் குறைந்துவிட்டதாக எவரும் இதுவரை கூறியதில்லை.

என் மனைவி சண்முகசுந்தரி, நான் மருத்துவமனையில் கிடந்த நாள்களில்தான் வரையத் தொடங்கினாள். முதலில் மருந்துச் சீட்டுகளின் பின்புறம் வரைந்தாள், பிறகு அட்டையில், பிறகு துணியில். சென்ற மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமைதோறும் இளையரசனேந்தலில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் பேருந்தில் போய், அங்கே ஒரு பெரிய படத்தை வரைந்து முடித்தாள். என் கண்ணில் மட்டும் அதைக் காட்டவில்லை.

“அப்படி என்னதான் வரையுதே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒங்களத்தான்.”

“என்னை வரைஞ்சுட்டு எனக்கே காட்ட மாட்டியோ?”

“செவத்துல மாட்டுன பொறகு வந்து பாருங்க. வீட்டுல வச்சுப் பாத்தா அது படம் இல்ல, சாமான்.”

அதன்பின் நான் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒவ்வொரு நாளும் என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுகிறவள் அவள். அவள் கண்ணில் நான் இப்போது யார்? படத்தில் என்னை நிற்கவைத்தாளா, உட்காரவைத்தாளா? நாற்காலியை வரைந்தாளா, விட்டுவிட்டாளா? வாய்விட்டுக் கேட்டால், என் மனம் நோகாத ஒரு விடையை அவள் சொல்லிவிடக் கூடும். தூரிகைக்கு அந்தத் தாட்சண்யம் இராது. ஆகவே என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். கொழுந்தியாள் கைப்பேசியில் அனுப்பிய படத்தைத் திறக்காமலே அழித்தேன். கண்காட்சி ஒரே வாரந்தான். பதினாறாம் நாள் மாலையில் படத்தைக் கழற்றி, அதை வாங்கியிருக்கும் கடையநல்லூர் ஆயிஷம்மாளின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இனி, அந்த மரக்கட்டையின் வரலாறு.

ஓவியக் கூடம் முன்னர்ப் பஞ்சுக் கிட்டங்கியாக இருந்த கட்டடம். அதன் செயலாளர் இசக்கிராஜா பூ வியாபாரி. எங்கோ இடிக்கப்பட்ட ஒரு பெரிய வீட்டின் நிலைவாசலை அவர் முதலில் வாங்கினார். அதற்குப் பின்னால் வைப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் ஓவியக் கூடம் கட்டினார் என்பது என் கருத்து. தேக்கு நிலை. மேற்சட்டத்தில் யானைகள் இருபுறமும் நீர் சொரியும் இலக்குமி. அச்சட்டம் தாழ்வானது, உள்ளே நுழைபவர் எவராயினும் தலை குனிந்தே ஆக வேண்டும். கீழே நிலைப்படி ஒரு சாண் உயரம். அதைத் தாண்டியே ஆக வேண்டும். குனிந்துகொண்டே காலைத் தூக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இவ்வூரில் கலை.

அந்த நிலைப்படி வரையில் ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல சாய்தளம். சரிவு மிதமானது, கைப்பிடி பளபளப்பானது, கருங்கல் வழுக்காதது. அதன் அடியில் ‘மாற்றுத்திறனாளிகளுக்கு சிறப்பு வழி’ என்று ஒரு பலகை. ‘சிறப்பு’ என்பதற்கு முன் ஒரு ‘ச்’ விடுபட்டிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, மேலே ஏறினேன். விடுபட்டது அது ஒன்றுமட்டும் அன்று என்பது உச்சியில்தான் தெரிந்தது.

வாயிற்காவலர் மாரிக்கண்ணன் ஓடி வந்தார்.

“வாங்க சார், வாங்க. இது ஒங்களுக்காவத்தான் கட்டுனது.”

“சந்தோஷம். பிறகு?”

“பொறகு உள்ள போயிர வேண்டியதுதான்.”

“எப்படி?”

அவர் நிலைப்படியைப் பார்த்தார். என் சக்கரத்தைப் பார்த்தார். மீண்டும் நிலைப்படியைப் பார்த்தார். இரண்டையும் ஒருசேர அவர் பார்ப்பது அதுவே முதன்முறை போலும்.

“தாண்டித்தான் சார். மிதிக்கக் கூடாது.”

“ஏன் மாரிக்கண்ணன், என் காலைப் பார்த்தா மிதிக்கிற கால் மாதிரியா தெரியுது?”

“கால் மிதிக்காது சார். சக்கரம் மிதிக்குமே.”

சுவரோரம் வண்ணம் பூசியவர்கள் விட்டுச்சென்ற கனமான பலகைகள் இரண்டு கிடந்தன. படிக்கு இப்பால் ஒன்றும் அப்பால் ஒன்றும் சாய்த்துப் போட்டால் நானே ஏறி இறங்கிவிடுவேன் என்றேன். மாரிக்கண்ணன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, நெற்றி நிறையச் சந்தனத்துடன் இசக்கிராஜா வந்துவிட்டார்.

“ஏலே, கீழ போடு, கீழ போடு! சார், பலகை போட்டாலும் பாரம் படியிலதான எறங்கும்? லெச்சுமி இருக்கிற எடம். அதோட இது ஆன்டிக் பீஸ். ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்பு போயிரும்.”

“லட்சுமிக்காகப் பார்க்கீங்களா, மதிப்புக்காகப் பார்க்கீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான சார்!”

கலையைப் பற்றி அன்று அக்கூடத்தில் மனம் திறந்து சொல்லப்பட்ட கருத்து இஃது ஒன்றே.

“நீங்க ஒண்ணும் வெசனப்படாதீய. நாங்க தூக்கிருவோம். மனுசனுக்கு மனுசன் எதுக்கு இருக்கோம்?” என்றார் அவர்.

தூக்கப்படுவது எனக்குப் பிடிக்காது. தூக்கப்படுகிறவனை எவரும் எதுவும் கேட்பதில்லை; மூட்டையிடம் விவரம் கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் சண்முகசுந்தரி காலை முதல் உள்ளே தன் படத்தின் அருகே நின்றுகொண்டிருந்தாள். வரைந்தவர்கள் அனைவரும் தத்தம் படத்தருகே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வந்து பார்ப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

நான்கு பேர் வந்தார்கள்.

“ஏலே, அங்கன பிடி. சக்கரத்தப் பிடிக்காத, கம்பியப் பிடி.”

“சாரு நல்ல கனம் வே.”

“சாரு எங்கவே கனம்? சேருல்லா கனம்!”

நான் தரையை விட்டு மேலே எழும்பியதும் வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. நாதசுரம் முழங்கியது. புகைப்படக்காரர் ஓடி வந்து, “அப்படியே பிடிங்கண்ணே, அசையாதீய, அருமையா இருக்கு!” என்றார். அசைய நான் எங்கே போக? சிறப்பு விருந்தினர் நேரே என்னிடம் வந்தார். அவர் கையில் எவரோ ஒரு பொன்னாடையைத் திணித்தார்கள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதைப் போர்த்தினார். கூட்டத்தில் ஒரு பெண் குரல், “ஏட்டி, இந்த வருசம் ஆடித்தபசு சப்பரம் தையிலயே வந்துட்டுட்டீ!” என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், சப்பரத்தில் இருப்பவர் சிரிப்பது மரபன்று.

பின்னர், சிறப்பு விருந்தினர் குனிந்தார், தாண்டினார், ரிப்பனை வெட்டினார். அவருக்குப் பின் ஊரே குனிந்து தாண்டி உள்ளே போயிற்று. நான் மேலேயே இருந்தேன்.

“இப்ப போவம் சார்” என்று நால்வரும் நகர்ந்தார்கள். நிலைப்படியில் சக்கரம் படாதிருக்க நாற்காலியை உயர்த்தினார்கள். மேற்சட்டத்து யானையில் என் தலை இடித்தது. “குனிஞ்சுக்கிடுங்க சார்!” என்றார்கள். குனிந்தேன். இருபுறமும் ஆள் நின்றால் வாசலின் அகலம் போதவில்லை. எனவே இருவர் முன்னே, இருவர் பின்னே. முன்னவர்கள் பின்புறமாக அடிவைத்துப் படியைத் தாண்ட வேண்டும். முதுகில் கண் இல்லாத காரணத்தால், அவர்களுள் ஒருவரின் குதிகால் நிலைப்படியை மிதித்துவிட்டது.

“மிதிச்சிட்டியேலே!” என்று இசக்கிராஜா அலறினார்.

மிதித்தவர் நல்ல வளர்ப்பு. தவறிக் கால் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடனே குனிந்து, நிலைப்படியைத் தொட்டு, இரு கைகளையும் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

இரு கைகளையும். அவற்றுள் ஒன்றில் நான் இருந்தேன்.

நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்ற மூவரும் பதறிப் பிடித்ததால் என் எலும்புகள் தப்பின. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து அதன் கால் வளைந்தது. இசக்கிராஜா ஓடி வந்து, குனிந்து, கண்ணாடியைக் கடந்து, நிலைப்படியைத் தடவிப் பார்த்தார். “நல்ல வேளை, ஒண்ணும் ஆவல” என்றார். அந்த வாசலில் அன்று இரண்டு பொருள்கள் அவமதிக்கப்பட்டன. மன்னிப்பு மரத்துக்குக் கிடைத்தது.

“இறக்குங்கள்” என்றேன். வகுப்பறைக் குரல் இன்னும் வேலை செய்கிறது, இறக்கினார்கள்.

கண்ணாடியை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு, செயலாளரிடம் கேட்டேன்: “இவ்வளவு பெரிய படங்களெல்லாம் இந்த வாசல் வழியாவா உள்ளே போச்சு?”

“அதெப்படி சார்? பின்னால ஷட்டர் இருக்குல்லா. படியே கிடையாது. லாரியே உள்ள போவும்.”

“பிறகென்ன? அதைத் திறங்களேன்.”

இசக்கிராஜா பிடரியைச் சொறிந்தார். “அதுல ஒரு சிக்கல் சார். ஷட்டர எறக்கி, உள்பக்கம் பூராவும் பலகை அடிச்சாச்சு. ஹால்லயே அதுதான் பெரிய செவுரு. ஒங்க வீட்டம்மா படத்த அதுலதான் மாட்டிருக்கு.”

நான் அந்தப் படத்தைப் பார்க்க உள்ளே போக வேண்டுமானால், முதலில் அந்தப் படத்தைக் கழற்ற வேண்டும்.

ஆயினும் பின்பக்கம் போனேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிற்றுண்டி தின்ற தட்டுகள் குவிந்து கிடந்தன. துருப்பிடித்த ஷட்டரின் முன் நாற்காலியை நிறுத்தினேன். அதற்கு அப்பால் கைக்கெட்டும் தொலைவில் என் படம். உலகத்தில் அதற்கு மிக அருகில் இருந்தவன் அப்போது நான்தான். உள்ளிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது.

“ஏ, இது நம்ம உச்சிமாகாளி சார்லா!”

“ஆமாலே. அந்த மொறைப்பு அப்படியே வந்துருக்கு பாரு.”

“என்னமா நிக்காரு! லேட்டா வந்தவன வெளிய நிறுத்தப் போறாரு.”

“எங்கலே நிக்காரு? உக்காந்துல்லா இருக்காரு.”

“கண்ணத் தொடச்சிட்டுப் பாருவே. நிக்காரு.”

“நிக்கவரு மடியில எப்படிவே புஸ்தகம் இருக்கும்?”

“அது மடியா? அது கை.”

“ஒனக்குப் படிக்கும்போதே ஒண்ணும் வெளங்காது. இப்ப மட்டும் வெளங்கவா போவுது?”

இருவரும் என் மாணவர்கள்தாம், குரலிலிருந்து தெரிந்தது. விளங்காதவன் யார் என்பதில் மட்டும் அவர்களோடு நான் மாறுபடுகிறேன்: இருவருமே. இடையே ஒரு பெண்மணியின் குரல் புகுந்தது. அவர்தாம் ஆயிஷம்மாள் என்று பின்னர் அறிந்தேன்.

“சண்ட போடாதீய வாப்பா. நிக்காகளோ இருக்காகளோ, எங்க ஹால் சோபா கலருக்கு அப்படியே பொருந்துது. மாஷா அல்லா!”

உள்ளங்கையால் ஷட்டரை ஓங்கித் தட்டினேன். உள்ளே பேச்சு நின்றது.

“யாரு வே அது?”

“படத்தில் இருப்பவன்” என்றேன்.

சிறிது நேரத்தில் சண்முகசுந்தரி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் இசக்கிராஜாவும் ஆயிஷம்மாளும் வந்தார்கள். அவள் என் வளைந்த கண்ணாடியைப் பார்த்தாள்; தோளில் கிடந்த சரிகைத் துணியைப் பார்த்தாள்.

“இது என்ன பொன்னாட?”

“அந்தரத்தில் அரை மணி தொங்கினதுக்குப் பரிசு.”

அவள் சிரிக்கவில்லை. இசக்கிராஜா முந்திக்கொண்டார். “அம்மா, நான் ஒரு வழி சொல்லுதேன். படத்தக் கழத்தி இங்கன கொண்டாந்துருதோம். சாரு ஆற அமரப் பாத்துக்கிடட்டும். பொறகு கொண்டு போயி மாட்டிருவோம். பத்து நிமிச வேல.”

ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு ஆசை வந்தது. பத்து நிமிடம். பார்த்துவிடலாம், தெரிந்துவிடும். ‘சரி’ என்ற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

“படம் வெளிய வராது” என்றாள் சண்முகசுந்தரி. “அவுக உள்ள வரணும்.”

“அம்மா, பாக்கணும், அவ்வளவுதான? எங்கன பாத்தா என்ன?”

“மத்தவுக எல்லாம் எங்கன நின்னு பாத்தாக? சோபாவுக்குப் பொருந்துதான்னு பாத்தவுகளும் அங்கனதான நின்னு பாத்தாக? எச்சித் தட்டுக்கு மத்தியில வச்சுக் காட்டுததுக்கா நான் அம்புட்டு நாளும் பஸ் ஏறிப் போனேன்?”

ஆயிஷம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனம் படைத்தவர். அவரைப் பற்றி நான் குறை எழுதவில்லை. “வாத்தியாரே, விடுங்க. பதினாறாம் தேதிக்குப் பொறகு எங்க வீட்டுல தாராளமா வந்து பாருங்க. ஒரு நாள் சாப்பாடும் நம்ம வீட்டுலதான். மாடி ஹால்லதான் மாட்டப் போறோம்.”

“மாடிக்கு லிஃப்ட் உண்டுமா?”

“மவன் துபாய்ல இருந்து அடுத்த லீவுக்கு வரும்போது போடுதேன்னு சொல்லிருக்கான். இன்ஷா அல்லா.”

அவர்கள் போன பின், சண்முகசுந்தரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். என் முகத்தை அவள் பார்க்க முடியாத இடம் அது. அவள் முகத்தை நானும் பார்க்க முடியாது.

“நான் சொல்லட்டுமா? நிக்கீயளா, இருக்கீயளான்னு?”

“அவனுங்க ரெண்டு பேரும் சொன்னது?”

“ரெண்டு பேருமே சரியாப் பாக்கல.”

“அப்ப நீயும் சொல்லாதே” என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை முதல், கூடம் திறக்கும் நேரத்தில் சாய்தளத்தின் உச்சியில் நிலைப்படியை நோக்கி நாற்காலியை நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே போகிறவர்கள் வணக்கம் சொல்லித் தாண்டுகிறார்கள். வெளியே வருகிறவர்கள் என் முகத்தையும் உடம்பையும் அளந்து பார்த்துவிட்டுப் புன்னகை செய்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சாய்தளத்தில் கோலம் போட்டிருந்தார்கள். அதை அழிக்காமல் வரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். புதன்கிழமை, நான் வெகுநேரம் இருப்பதைக் கண்டு இரக்கப்பட்டு, உட்காருவதற்கு எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அன்று மாலை குழு கூடி முடிவும் எடுத்தது: டிசம்பர் மூன்றாம் நாள், மாற்றுத்திறனாளிகள் நாளன்று, எனக்குத்தான் முதல் மரியாதை. பிப்ரவரியில் போகப்போகும் படத்திற்கு டிசம்பரில் அழைப்பிதழ்.

இன்று வியாழக்கிழமை. காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் இசக்கிராஜா என் அருகே வந்து குந்தினார். மூன்று நாளில் அவருக்கும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது.

“சார், மனசு விட்டுச் சொல்லுதேன். பலகை போடுதது பெரிய காரியம் இல்ல. ஆனா மொத மிதி கமிட்டி மிதியா இருக்கக் கூடாது. நாளைக்கு ஏவாரத்துல ஒண்ணு சறுக்குனாலும், ‘லெச்சுமிய மிதிச்சான்லா’ம்பானுவ.”

“வேற யாராவது மிதிச்சா?”

“ஜனங்க மிதிச்சு, அது பழகிப்போச்சுன்னு வைங்க, பொறகு என்ன சார்? பலகை என்ன, நானே ரோடு போட்டுத் தாரேன்!”

அவர் பொய் சொல்லவில்லை. இவ்வூரில் எதுவும் தவறு என்பதற்காகத் தடுக்கப்படுவதில்லை. முதல் ஆளாக இருக்க அஞ்சுவதால் தடுக்கப்படுகிறது. இரண்டாவது ஆள் முதல் எல்லாம் வழக்கம்.

நானே மிதித்திருப்பேன். அதற்கு எனக்குக் காலும் இல்லை, வழியும் இல்லை. சண்முகசுந்தரி மிதிக்கத் துணிந்தாள். வரைந்தவளே மிதித்தால் அடுத்த கண்காட்சியில் அவள் படத்துக்குச் சுவர் கிடைக்காது என்று நான் தடுத்துவிட்டேன். ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் வருகிறேன். நீங்கள் அக்குழுவில் இல்லை. உங்கள் படம் எதுவும் அங்கே தொங்கவில்லை. இன்னும் மூன்று நாள்கள் இருக்கின்றன. கூடம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. வாருங்கள். எனக்குப் பொன்னாடை கொண்டுவர வேண்டாம். என்னைத் தூக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்து, நான் நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று சொல்லவும் வேண்டாம். உள்ளே நுழையும்போது மட்டும், தாண்டாதீர்கள். செருப்புக் காலோ வெறுங்காலோ, எதுவாயினும், அந்த நிலைப்படியின் நட்டநடுவில் உங்கள் முழு எடையையும் ஊன்றி, எல்லாரும் பார்க்க, மிதியுங்கள்.